48 வோல்ட் சர்வோவா, 230 வோல்ட் சர்வோவா, ஸ்டெப்பரா? சிறிய இயந்திரத்துக்கான தேர்வு

தன் இடத்தைத் தானே அளந்து திருத்திக்கொண்டு சுழலும் மோட்டார்தான் சர்வோ. 60 மி.மீ. சதுர முகப்பு கொண்ட சர்வோ மோட்டாரை ஒரு கையில் ஏந்திவிடலாம். அதன் பெயர்ப்பலகையில் 400 வாட், நிமிடத்துக்கு 3000 சுற்று, 1.27 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். இதே முகப்பும் இதே எண்களும் 230 வோல்ட் வகையிலும் கிடைக்கின்றன, 48 வோல்ட் வகையிலும் கிடைக்கின்றன. கேட்லாக்கைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இயந்திரத்தில் பொருத்தி ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறினால் காப்பு, எர்த், மின்னதிர்ச்சி பற்றிய கவலைகள் குறைகின்றன. அவற்றுக்குப் பதிலாக ஆம்பியர் பற்றிய கவலை வந்து சேர்கிறது. அதனால் மோட்டாரைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கருத்து. கரண்ட் எந்த வழியாகப் போகிறது, மோட்டார் நிற்கும்போது அந்த ஆற்றல் எங்கே திரும்புகிறது என்ற இரண்டுக்கும் முதலில் விடை வேண்டும். அந்த விடையே பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு இயந்திரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பொருளை எடுத்து அட்டைப்பெட்டியில் வைக்கும் சிறிய யூனிட். கிடைமட்டமாக நகரும் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு 400 வாட் வீதம். மேலும் கீழும் போகும் இசட் அச்சுக்கு 200 வாட், பிரேக்குடன். கையின் நுனியில் பொருளைத் திருப்பும் அச்சுக்கு 100 வாட். உள்ளே கொண்டுவரும் கன்வேயருக்கு 200 வாட். கேமராவின் உயரத்தை மாற்ற ஒரு குட்டி அச்சு. பெட்டியின் அளவு மாறும்போது மட்டும் அது நகரும். மொத்தம் ஆறு.

இதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, பேனலுக்குள் டிரைவ் (மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் கருவி) வைத்து 230 வோல்ட் ஏசி சர்வோ. இரண்டாவது, 48 வோல்ட் சர்வோவுடன் தனி டிரைவ். மூன்றாவது, டிரைவ் மோட்டாரின் முதுகிலேயே ஒட்டி வரும் ஒருங்கிணைந்த 48 வோல்ட் சர்வோ. நான்காவது, என்கோடர் (சுழன்ற அளவைச் சொல்லும் சென்சார்) பொருத்திய ஸ்டெப்பர், அதாவது படிப்படியாகச் சுழலும் மோட்டார். 24 வோல்ட்டை ஏன் சேர்க்கவில்லை என்பது அடுத்த கணக்கில் தெரிந்துவிடும்.

கேபிள் சொல்லும் கணக்கு

பவர் சப்ளையிலிருந்து டிரைவ் வரை 8 மீட்டர், 1.5 ச.மி.மீ. செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் சேர்த்து 16 மீட்டர்; மின்தடை ஏறத்தாழ 0.19 ஓம். முடுக்கத்தின்போது அந்த அச்சுக்கு 480 வாட் தேவைப்படுகிறது.

24 வோல்ட்டில் அதற்கு 20 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியில் மட்டும் 3.7 வோல்ட் விழும், அதாவது கிட்டத்தட்ட 16 சதவீதம். 75 வாட் வெறும் சூடாகப் போய்விடும். 48 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். வீழ்ச்சி 1.9 வோல்ட், 4 சதவீதத்துக்குள் அடங்கும். இழப்பு 19 வாட். 230 வோல்ட் ஏசியைத் திருத்திப் பெறும் 325 வோல்ட் டிசியில் 1.5 ஆம்பியர்தான். வீழ்ச்சி கால் வோல்ட்டைச் சற்றே தாண்டும், இழப்பு அரை வாட்டுக்கும் குறைவு.

மின்னழுத்தம் பாதியானால் கரண்ட் இரட்டிப்பாகும், கம்பியின் சூடு நான்கு மடங்காகும். 100 வாட்டுக்கு மேற்பட்ட அச்சுகளுக்கு 24 வோல்ட்டை நான் எடுத்ததும் ஒதுக்கிவிடுவதற்கு இதுதான் காரணம். சென்சாருக்கும் வால்வுக்கும் ஏற்கெனவே 24 வோல்ட் சப்ளை இருக்கிறதே, அதிலேயே மோட்டாரையும் மாட்டிவிடலாமே என்று தோன்றும். மாட்டினால் மோட்டார் முடுக்கும் ஒவ்வொரு முறையும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் உள்ளீடுகள் தடுமாறும். மோட்டாருக்குத் தனி சப்ளை, கட்டுப்பாட்டுக்குத் தனி சப்ளை என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வோல்ட் விழுந்தால் மோட்டாருக்கு என்ன ஆகும்? சுழலும் மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டராக இருந்து எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 3000 சுற்றில் அது 36 வோல்ட் என்றால், 48 வோல்ட் பஸ்ஸில் (டிரைவ்களுக்கு மின்சாரம் தரும் பொது மின்பாதையில்) கரண்ட்டைத் தள்ள மிஞ்சுவது 12 வோல்ட். கேபிளிலும் கனெக்டரிலுமாக 4 வோல்ட் போய்விட்டால் அந்த மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. குறைந்த வேகத்தில் எல்லாம் சரியாகவே தெரியும். உச்ச வேகத்தை நெருங்கும்போது முறுக்குவிசை கைவிட்டுவிடும், பொசிஷன் பிழை கூடும், டிரைவ் ஃபால்ட் காட்டும். இந்த ஃபால்ட்டைப் பார்த்து டியூனிங்கில் (டிரைவின் கெயின் எண்களைச் சரிசெய்வதில்) நாள் கணக்கில் மெனக்கெடுபவர்கள் உண்டு. கோளாறு கெயினில் இருக்காது, கம்பியின் தடிமனில் இருக்கும்.

230 வோல்ட் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பேனல் 20 மீட்டர் தள்ளி இருந்தாலும் அது கலங்காது. நீளமான இயந்திரம், ஒரே மையப் பேனல் என்று வடிவமைப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தால், இங்கேயே 48 வோல்ட்டுக்கு விடைகொடுத்துவிடலாம்.

சப்ளையின் உச்சம்

நம் இயந்திரத்தின் மோட்டார்களைக் கூட்டினால் 1300 வாட். அதைப் பார்த்து 1500 வாட் சப்ளை வாங்கினால் போதும் என்றும் சொல்ல முடியாது, அதிகம் என்றும் சொல்ல முடியாது. சர்வோ சிறிது நேரத்துக்குத் தன் அளவுபோல மூன்று மடங்கு முறுக்குவிசை தரக்கூடியது. எக்ஸும் ஒய்யும் ஒன்றாகக் கிளம்பி, முடுக்கத்தின் இறுதியில் 800 வாட் வீதம் இழுத்தால் அந்த நொடித்துளியில் 33 ஆம்பியர் வேண்டும். சராசரியைப் பார்த்தால் இதே இயந்திரம் 300 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சாதாரண எஸ்.எம்.பி.எஸ். சப்ளை உச்சத்தைத் தாண்டியதும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும், அல்லது அணைந்து அணைந்து எரியும். இரண்டுமே சர்வோவுக்கு ஆகாது. சில நொடிகளுக்கு 150 சதவீதம் தரக்கூடிய சப்ளை, பக்கத்திலேயே ஒரு பெரிய கெபாசிட்டர், இத்துடன் ஒய் அச்சை 30, 40 மில்லிநொடி தாமதித்துக் கிளப்பும் சின்ன மாற்றம். மூன்றும் சேர்ந்தால் சப்ளையின் அளவைக் கணிசமாகக் குறைக்கலாம். 230 வோல்ட் டிரைவ் உச்சத்தை நேராக மின்இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நடுவில் சப்ளை என்ற ஒரு பெட்டியே இல்லாதது அதற்கு ஒரு பெரிய வசதி. ஒப்பிடும்போது பலரும் இதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

இன்னொன்று. 48 வோல்ட் கிளைகளுக்குச் சாதாரண எம்.சி.பி. போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஷார்ட் ஆனால் எம்.சி.பி. உடனே விழ வேண்டிய அளவுக்குக் கரண்ட்டை எஸ்.எம்.பி.எஸ். தராது, தானே அடங்கிவிடும். ஒரு கிளையில் கோளாறு வந்தால் எல்லா அச்சுகளும் சேர்ந்து படுத்துவிடும். கிளைக்கொரு டிசி ஃபியூஸோ எலெக்ட்ரானிக் பிரேக்கரோ வைப்பது நல்லது.

நிறுத்தும்போது திரும்பும் ஆற்றல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். 48 வோல்ட் சர்வோவைப் புதிதாகப் பொருத்துபவர்கள் அதிகம் இடறும் இடம் இது.

எக்ஸ் அச்சின் மோட்டாரும் லோடும் சேர்ந்த நிலைமம் 0.0003 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொள்வோம். மோட்டாரின் சொந்த நிலைமத்தைப்போல ஐந்து மடங்கு லோடு, அசாதாரணமான அளவில்லை. 3000 சுற்றில் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 15 ஜூல். நிறுத்தும்போது ஒரு பகுதி உராய்விலும் சுருளின் சூட்டிலும் போகும். 10 ஜூல் பஸ்ஸுக்குத் திரும்புகிறது என்று வைப்போம்.

எஸ்.எம்.பி.எஸ். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாது. மிச்சம் இருப்பது பஸ்ஸில் உள்ள கெபாசிட்டர் மட்டும்தான். 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 48-லிருந்து 60 வோல்ட்டுக்கு ஏறும்போது உள்வாங்குவது 3 ஜூல். மொத்த 10 ஜூலையும் அதற்குள் தள்ளினால் பஸ் 81 வோல்ட்டைத் தொடும். அதற்கு வெகு முன்பே டிரைவ் அதிக வோல்ட் என்று விழுந்துவிடும்; சில சப்ளைகள் தாங்களும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் மீளும்.

அதே 10 ஜூலை 230 வோல்ட் டிரைவ் எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். அதன் உள்ளே வெறும் 470 மைக்ரோஃபாரட் இருந்தாலும், 325-லிருந்து 400 வோல்ட்டுக்கு ஏறுவதற்குள் கிட்டத்தட்ட 13 ஜூல் விழுங்கிவிடும். கெபாசிட்டர் பத்தில் ஒரு பங்கு, உள்வாங்கும் ஆற்றல் நான்கு மடங்கு. கெபாசிட்டரில் சேரும் ஆற்றல் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் வரும் வித்தியாசம் இது. ஏசி சர்வோவில் பழகியவர்கள் சிறிய அச்சுகளுக்கு ரீஜென் (இப்படித் திரும்பும் ஆற்றல்) பற்றி யோசிக்காமலே பல இயந்திரங்களை ஓட்டியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு 48 வோல்ட்டுக்கு வந்தால் முதல் எமர்ஜென்சி ஸ்டாப்பிலேயே பிரச்சினை தலைகாட்டும்.

தீர்வு கடினமில்லை. எல்லா டிரைவ்களையும் ஒரே 48 வோல்ட் பஸ்ஸில் சேர்த்தால், ஓர் அச்சு நிற்கும்போது வரும் ஆற்றலை இன்னொன்று முடுக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு, அதைச் சூடாக எரித்துவிடும் ஒரு ஷன்ட் ரெசிஸ்டர். 100 மில்லிநொடியில் நிற்கும் அச்சு தொடக்கத்தில் 200 வாட் அளவுக்குத் திருப்பி அனுப்பும். 56 வோல்ட்டில் அதை எரிக்க 15 ஓமுக்கு மேற்பட்ட ரெசிஸ்டர் போதாது. நொடிக்கு ஒருமுறை நின்றால் சராசரி 10 வாட்தான், ஆகவே ரெசிஸ்டரின் உருவம் சிறியதே. ஆனால் எமர்ஜென்சி ஸ்டாப்பில் எல்லா அச்சும் ஒரே நேரத்தில் நிற்கும், ஒன்றின் ஆற்றலை வாங்க இன்னொன்று இருக்காது. உச்சத்தை அந்தக் கணத்துக்காகக் கணக்கிட வேண்டும். சப்ளைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு டையோடு வைத்தால் திரும்பும் வோல்ட் சப்ளையைத் தொடாது.

பேட்டரியில் ஓடும் தானியங்கி வண்டிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அங்கே 48 வோல்ட் சர்வோவுக்குப் போட்டியே இல்லை. பேட்டரி ஆற்றலைத் திருப்பியும் வாங்கிக்கொள்ளும். ஆனால் 16 செல் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி முழுக்க நிரம்பியபோது 58.4 வோல்ட்டில் இருக்கும். அப்போது வண்டி சரிவில் இறங்கிப் பிரேக் பிடித்தால், இனி சார்ஜ் வேண்டாம் என்று பேட்டரியின் காவல் சுற்று இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த அந்த நொடியில் பஸ்ஸுக்குத் துணை யாரும் இல்லை. எனவே பேட்டரி இருந்தாலும் ஷன்ட் வேண்டும்.

திரும்பி வரும் கம்பி

8 மீட்டர் கம்பியில் 20 ஆம்பியர் போனால் 3.7 வோல்ட் விழும் என்று பார்த்தோம். அதில் பாதி திரும்பும் கம்பியில் விழுகிறது. அதாவது டிரைவின் 0 வோல்ட், சப்ளையின் 0 வோல்ட்டைவிட 1.9 வோல்ட் உயர்ந்து நிற்கும். மோட்டார் முடுக்கும்போது ஏறும், ஓய்ந்தால் இறங்கும். டிரைவ்களின் தகவல் கம்பியில் சிக்னல் அனுப்பி வாங்கும் கேன் டிரான்ஸ்ஸீவர்களுக்கான வழக்கமான வரம்பு, தங்கள் 0 வோல்ட்டுக்குக் கீழே 2 வோல்ட் வரை, மேலே 7 வோல்ட் வரை. இரண்டு டிரைவ்கள் ஒரே திரும்பு கம்பியைப் பகிர்ந்துகொண்டால் அந்தக் கீழ் வரம்பை எளிதாகத் தாண்டிவிடலாம். ஓடும்போது மட்டும் கம்யூனிகேஷன் அறுந்து, நின்றதும் தானே சரியாகிவிடும் கோளாறுகளில் ஒரு பெரும்பகுதி இப்படி வருவதுதான். காப்பு கொண்ட கம்யூனிகேஷன் போர்ட் உள்ள டிரைவையே வாங்குங்கள். 0 வோல்ட்டை ஒரே இடத்தில், சப்ளைக்கு அருகில், எர்த்தோடு இணையுங்கள்.

பிரேக்குக்கும் இதே விதிதான். இசட் அச்சின் பிரேக் 24 வோல்ட் வந்தால் விடும், போனால் பிடிக்கும். நீண்ட மெல்லிய கம்பியின் கடைசியில் 21 வோல்ட் கிடைத்தால் அது முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடலாம். மோட்டார் காரணமில்லாமல் சூடாகிறது என்று தோன்றும்.

டிரைவ் எங்கே உட்கார வேண்டும்

ஒருங்கிணைந்த சர்வோ பார்க்க மனதைக் கவரும். பேனல் சுருங்குகிறது. மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவே நீண்ட கேபிள் இல்லாததால் மின்இரைச்சல் குறைகிறது. நம் இயந்திரத்தில் இசட்டும் திருப்பும் அச்சும் நகரும் கையின்மேல் சவாரி செய்கின்றன. தனி டிரைவ் என்றால் அந்த இரண்டுக்கும் மோட்டார் கேபிள், என்கோடர் கேபிள், பிரேக் கம்பி எல்லாம் டிராக் செயினுக்குள் (கேபிள்களைத் தாங்கிக் கூடவே வளையும் சங்கிலி) ஓட வேண்டும். ஒருங்கிணைந்தவை என்றால் ஒரு பவர் கேபிள், ஒரு கம்யூனிகேஷன் கேபிள், பாதுகாப்பு சிக்னலுக்கு ஒன்று. இரண்டு மோட்டார்களுக்கும் சேர்த்து அவ்வளவுதான். வளைந்து வளைந்து அறுந்துபோகும் கம்பிகளின் எண்ணிக்கை குறைவது சாதாரண லாபமல்ல.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுருளின் சூடு டிரைவுக்கும் என்கோடருக்கும் பாய்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும்; சுருள் 100 டிகிரி ஏறினால் அதே கரண்ட்டுக்கு இழப்பு 39 சதவீதம் அதிகம், அந்தச் சூடு போய்ச் சேரும் இடத்தில்தான் எலெக்ட்ரானிக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. கேட்லாக் எண்கள் பெரும்பாலும் மோட்டாரைக் கனமான அலுமினியத் தட்டில் பொருத்தி எடுத்தவை. மெல்லிய தகட்டிலோ பிளாஸ்டிக் பிராக்கெட்டிலோ பொருத்தினால் அந்த 400 வாட் கிடைக்காது. இது எல்லா சர்வோவுக்கும் பொருந்தும் என்றாலும், ஒருங்கிணைந்த வகையில் முதலில் அடிவாங்குவது எலெக்ட்ரானிக்ஸ்.

சங்கிலிபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு பவர் கொண்டுபோகும்போது முதல் கனெக்டர் வழியாக எல்லா மோட்டார்களின் கரண்ட்டும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. பரவலாக இருக்கும் எல் கோடு எம்12 கனெக்டரின் வரம்பு 63 வோல்ட், 16 ஆம்பியர். 48 வோல்ட்டில் அது 768 வாட். அதற்குமேல் இன்னொரு கிளை போட்டுவிடுங்கள்.

பராமரிப்பு அனுபவம் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி வேறு. டிரைவ் மட்டும் போனால்? தனி டிரைவ் என்றால் ஸ்க்ரூ கழற்றி, புதியதை மாட்டி, பாராமீட்டரை ஏற்றி, கொஞ்ச நேரத்தில் ஓட்டிவிடலாம். ஒருங்கிணைந்தது என்றால் மோட்டாரையே கழற்ற வேண்டும். கப்ளிங்கை விடுவித்து, திரும்பச் சீர்படுத்தி, ஹோம் பொசிஷனை மறுபடி எடுக்க வேண்டும். எட்டிப் பிடிக்க முடியாத மூலையில் இருக்கும் மோட்டாருக்கு ஒருங்கிணைந்த வகையை நான் போட மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதிகம் பேசப்படுவதில்லை என்றாலும் எனக்கு அதுதான் பிடித்தது. 48 வோல்ட் டிரைவ்கள் கையளவே இருப்பதால், அவற்றை மையப் பேனலில் வைக்காமல் இயந்திரத்தின் அடிச்சட்டத்திலேயே ஒரு சிறு பெட்டியில் வைக்கலாம். சப்ளை, கெபாசிட்டர், ஷன்ட் மூன்றும் அதே பெட்டியில். எந்த மோட்டாரும் 2, 3 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகாது. மேலே போட்ட கேபிள் கணக்கில் 8-க்குப் பதில் 2 மீட்டர் வைத்துப் பாருங்கள், எல்லாக் கவலைகளும் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

ஸ்டெப்பரை ஒதுக்கிவிட வேண்டாம்

ஒரு சுற்றுக்கு 200 படி எடுக்கும் ஸ்டெப்பரில் 50 ஜோடி துருவங்களுக்கு நிகரான அமைப்பு இருக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று வேண்டுமென்றால் சுருளில் கரண்ட் நொடிக்கு 5000 முறை திசை மாற வேண்டும். சுருளின் இண்டக்டன்ஸ் அதற்கு விடாது. அதனால்தான் வேகம் கூடக்கூட அதன் முறுக்குவிசை சரிகிறது. ஆனால் குறைந்த வேகத்தில், அதே உருவத்தில், கியர்பாக்ஸ் இல்லாமல் அது தரும் பிடி சர்வோவுக்கு எட்டாது. நின்ற இடத்தில் அசையாமலும் நிற்கும். சர்வோ நிற்கும்போதும் என்கோடரின் ஓரிரு கவுண்ட்டுக்குள் மெல்ல அசைந்து தேடிக்கொண்டிருக்கும். கேமராவைத் தாங்கும் அச்சில் அந்த அசைவு வேண்டாம்.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்கோடர் உள்ள ஸ்டெப்பர் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. சிலவற்றில் என்கோடர், படி தவறியதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு மட்டும். மற்றவற்றில் லோடுக்கு ஏற்பக் கரண்ட்டையே மாற்றி, சர்வோபோலவே ஓட்டுவார்கள். முதல் ரகத்தில் சும்மா நிற்கும்போதும் கரண்ட் ஓடி மோட்டார் சூடாகவே இருக்கும்.

யார் யாரோடு பேச வேண்டும்

கம்யூனிகேஷனைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: அச்சுகள் ஒன்றோடொன்று கோத்து நகர வேண்டுமா, அல்லது ஒவ்வொன்றும் சொன்ன இடத்துக்குப் போய் நின்றால் போதுமா?

போய் நின்றால் போதும் என்றால், இலக்கை மட்டும் கொடுத்துப் பாதையை டிரைவே போட்டுக்கொள்ளும் முறையில் மாட்பஸ் ஆர்டியூ என்ற எளிய தகவல்முறைகூடச் சமாளிக்கும். பல்ஸ், திசை என்று இரண்டு கம்பியில் ஓட்டுவதும் எளிதுதான். ஆனால் சுற்றுக்கு 10,000 கவுண்ட், நொடிக்கு 50 சுற்று என்றால் 500 கிலோஹெர்ட்ஸ். பல பிஎல்சிகளின் சாதாரண வெளியீடு அந்த வேகத்துக்கு வராது. 17 பிட் என்கோடரின் 131,072 கவுண்ட்டையும் அப்படியே பல்ஸாகக் கொடுக்க வழியில்லை, எலெக்ட்ரானிக் கியர் விகிதம் வைத்தே ஆக வேண்டும்.

கோத்து நகர வேண்டும் என்றால் கேன் கம்பியில் ஓடும் கேன்ஓபனா, ஈதர்நெட் கம்பியில் ஓடும் ஈதர்கேட்டா என்று வரும். கேனில் 8 பைட் செய்தி ஒன்று ஏறத்தாழ 130 பிட். ஆறு அச்சுகளுக்கும் போக ஒன்று, வர ஒன்று என 12 செய்திகள். நொடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் அது 1.5 மில்லிநொடியைத் தாண்டிவிடும். 1 மில்லிநொடிச் சுழற்சி நடக்காது, 2 மில்லிநொடி மூச்சு முட்டும், 4 வசதியானது. அந்த உச்ச வேகத்தில் கேபிள் நீளமும் சுமார் 40 மீட்டருக்குள் நிற்க வேண்டும், இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். 2003-இல் வெளிவந்த ஈதர்கேட்டில் 100 மெகாபிட் வேகமும், மைக்ரோநொடிக்குள் எல்லா டிரைவ்களையும் ஒத்திசைக்கும் கடிகாரமும் உண்டு. ஆறு அச்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டிலும் டிரைவ் பேசுவது சிஐஏ 402 என்ற ஒரே சுயவிவரம்தான் (டிரைவ்களுக்கான பொதுக் கட்டளைத் தொகுப்பு) என்பதால், இன்று கேன்ஓபனில் எழுதிய அறிவு நாளை ஈதர்கேட்டுக்கு மாறினாலும் வீணாகாது. எக்ஸும் ஒய்யும் வளைவில் ஒன்றாகப் போக வேண்டியிருப்பதால் நம் இயந்திரத்துக்கு ஈதர்கேட் போடுவேன்.

பாதுகாப்பைப் பற்றிய ஒரு தவறான நிம்மதி

ஐ.இ.சி. 60204-1 தரம், உலர்ந்த இடத்தில், உடலின் பெரும்பகுதி மின்பாகத்தைத் தொட வாய்ப்பில்லாத நிலையில், பி.இ.எல்.வி. (பாதுகாப்பான மிகக் குறைந்த மின்னழுத்த) சுற்றுகளுக்கு 60 வோல்ட் டிசி வரை அனுமதிக்கிறது. ஈரமான இடம் என்றால் 15 வோல்ட்தான். 48 வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களில் பாதி இந்த 60-க்குள் அடங்குகிறது. ஷன்ட்டை 56, 57 வோல்ட்டில் இயங்க வைப்பதற்கும் இதுவே காரணம். ரீஜென் பஸ்ஸை 60-க்கு மேல் தள்ள விட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

230 வோல்ட் டிரைவைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை அணைத்து, கெபாசிட்டர் வடியச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். 48 வோல்ட்டில் அந்த அச்சம் இல்லை. ஆனால் மோட்டார் விரலை நசுக்கும் பலம் இரண்டிலும் ஒன்றே. 1.27 நியூட்டன் மீட்டர் பால்ஸ்க்ரூ வழியாகப் போனால் எத்தனை வோல்ட்டிலிருந்து வந்தது என்று விரலுக்குத் தெரியாது. வேலியும் கதவு சுவிட்சும், மோட்டாரின் முறுக்குவிசையைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் எஸ்.டி.ஓ. வசதியும் 48 வோல்ட்டிலும் அப்படியே வேண்டும். சிறிய 48 வோல்ட் டிரைவ்கள் சிலவற்றில் ஐ.இ.சி. 61800-5-2 படி சான்று பெற்ற எஸ்.டி.ஓ. இருப்பதில்லை, வாங்கிய பிறகு தெரிந்தால் மோட்டார் சப்ளையைக் காண்டாக்டரால் துண்டிக்க வேண்டிவரும். எஸ்.டி.ஓ. முறுக்குவிசையை எடுத்துவிடுமே தவிர அச்சைப் பிடித்துக்கொள்ளாது. இசட் அச்சில் பிரேக் முந்திக்கொள்ள வேண்டும், எஸ்.டி.ஓ. ஒரு கணம் பிந்த வேண்டும்.

நம் இயந்திரத்துக்கு

எக்ஸ், ஒய், கன்வேயர் மூன்றுக்கும் அடிச்சட்டப் பெட்டியில் தனி டிரைவுடன் 48 வோல்ட் சர்வோ. கையின்மேல் சவாரி செய்யும் இசட்டுக்கும் திருப்பும் அச்சுக்கும் ஒருங்கிணைந்த சர்வோ. அவை முழுப் பளுவில் இடைவிடாமல் ஓடுவதில்லை, அலுமினியக் கையில் பொருத்தப்படுவதால் சூடு வெளியேறவும் வழி உண்டு, கழற்ற எட்டும் இடத்திலும் இருக்கின்றன. ஐந்தும் ஒரே பஸ், ஒரே ஷன்ட். கேமராவுக்கு என்கோடர் கொண்ட ஸ்டெப்பர்.

இதே இயந்திரத்தில் எக்ஸ் 750 வாட் என்றானால் என் முடிவு மாறும். அந்த அளவில் 48 வோல்ட் பஸ் 16 ஆம்பியரைத் தொடர்ந்து சுமக்க வேண்டும், உச்சத்தில் அதைப்போலப் பல மடங்கு; எக்ஸ், ஒய் இரண்டையும் 230 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு, கையில் இருப்பவற்றை மட்டும் 48-இல் விடுவேன். கலந்து வைப்பதில் குற்றமில்லை, ஈதர்கேட்டுக்கு வோல்ட் பேதம் கிடையாது. நாள் முழுக்க ஒரே வேகத்தில் சுழலும் அச்சாக இருந்தாலும், கழுவப்படும் ஈரமான இடமாக இருந்தாலும் மறுபடி யோசிப்பேன். டைமிங் பெல்ட்டில் லோடின் நிலைமம் மோட்டாரைப்போல 10 மடங்கைத் தாண்டினால், வோல்ட்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு கியர்பாக்ஸ் போடுவேன். 5-க்கு 1 கியர், மோட்டார் உணரும் நிலைமத்தை 25-இல் ஒரு பங்காக்கிவிடும்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் ஆசிலோஸ்கோப்பை மோட்டாரில் வைக்க வேண்டாம், கடைசி டிரைவின் 48 வோல்ட் முனையில் வையுங்கள். எல்லா அச்சும் ஒன்றாக முடுக்கும்போது வோல்ட் எவ்வளவு கீழே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முழு வேகத்தில், முழு லோடில், எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி அது எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பாருங்கள். கீழே 44-ஐத் தாண்டாமலும் மேலே 58-ஐத் தொடாமலும் இருந்தால் பேனல் கதவை மூடலாம்.